அடுப்புக்கும் ஓர் அரண் வேண்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர், கூரம்)

நெருப்பை மூட்டக் கற்ற மனிதன், அதைக் காற்றிலிருந்து காக்கவும் கற்றான். நம் வீடுகளையே பாருங்கள். கார்த்திகை அகலுக்கு மாடக்குழி வைத்தார்கள். மண்ணடுப்புக்கு மூன்று புறமும் சுவர் எழுப்பினார்கள். அரிக்கேன் விளக்குக்குக் கண்ணாடிக் கூண்டு மாட்டினார்கள். இவையெல்லாம் அழகுக்காக ஏற்பட்டவையா? இல்லை, காற்றை எண்ணி ஏற்பட்டவை. ஆனால் இன்று முகாமுக்கும் தெருவோரக் கடைக்கும் நாம் தூக்கிச் செல்லும் எரிவாயு அடுப்போ நான்கு புறமும் திறந்து கிடக்கிறது. அதற்கு ஒரு காற்று மறைப்பு வேண்டும் என்பதும், அதை நாமே செய்யலாம் என்பதுமே என் கருத்து.

"இது ஒரு பொருளா? இதற்கு ஒரு கட்டுரையா?" என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். மாலை ஆறு மணிக்குக் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். தள்ளுவண்டியில் இட்லி, தோசை விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார்கள் எத்தனை பேர்! தறியில் வேலை குறைந்த வீடுகளுக்கு மாலைக் கடைதான் ஊன்றுகோல். என் வீடும் அத்தகையதே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவன் நான். "இவ்வளவு படிக்கிறாயே, இந்த நெருப்பைக் கொஞ்சம் ஆடாமல் நிற்க வைக்க முடியாதா?" என்று என் தாயார் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அம்மியே பறக்கும்போது அடுப்பின் சுடர் எம்மாத்திரம்? 2019ஆம் ஆண்டு அத்தி வரதர் எழுந்தருளிய 48 நாட்களும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில்தாம் வந்தன. அந்தக் காற்றுக் காலத்தில் வந்து குவிந்த மக்களுக்குத் தெருவோர அடுப்புகளும் பசியாற்றின. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் திறந்த வெளியில் சமைத்தவர்களுக்கும் இந்தத் தொல்லை தெரிந்ததே.

கணக்கு என்ன சொல்கிறது?

பத்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க ஏறத்தாழ 2,940 கிலோ ஜூல் வெப்பம் தேவை. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் 46,000 கிலோ ஜூல் கிடைக்கும். எல்லா வெப்பமும் பாத்திரத்தில் ஏறுமானால் 64 கிராம் எரிவாயு போதும். ஆனால் எந்த அடுப்பிலும் எல்லா வெப்பமும் ஏறுவதில்லை. வீட்டு எரிவாயு அடுப்பின் வெப்பத் திறன் 68 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது இந்தியத் தர விதி. அந்தக் கணக்கில் 94 கிராம் ஆகும். ஆயின் அச்சோதனை காற்று வீசாத அறையில் நடப்பது. வெளிக்காற்றில் அதே அடுப்பின் திறன் 40 விழுக்காடாக இறங்கிவிட்டால், அதே தண்ணீருக்கு 160 கிராம் செலவாகும். ஒரு வேளைக்கு 66 கிராம் நட்டம்! நாள்தோறும், மாதந்தோறும் இதைப் பெருக்கிப் பாருங்கள். அது ஏழையின் இலாபத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போவதன்றி வேறென்ன?

காற்று இதை எப்படிச் செய்கிறது? சுடரைப் பாத்திரத்தின் அடியிலிருந்து ஒருபுறமாகத் தள்ளுகிறது. பாத்திரத்தைத் தழுவி ஏற வேண்டிய சூடான வாயுவை அடித்துச் செல்கிறது. பாத்திரத்தின் பக்கங்களையும் குளிரச் செய்கிறது. சில நேரம் சுடரையே அணைத்துவிடும். அணைந்தது தெரியாவிட்டால் எரிவாயு வீணே வெளியேறும். இதில் பணத்தோடு உயிரும் அடங்கியிருக்கிறது.

வாங்குவதா, செய்வதா?

மேல்நாட்டார் இதை எப்போதோ உணர்ந்தனர். ஸ்வீடன் நாட்டு டிராங்கியா நிறுவனம் 1951இல் காற்று மறைப்பையும் அடுப்பையும் ஒன்றாகவே இணைத்து விற்கத் தொடங்கியது. இன்று இணைய அங்காடியில் மடிப்பு மடிப்பான அலுமினியத் தகடுகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மலையேறச் செல்பவர் பையில் மடித்து வைத்துக்கொள்ள அவை ஏற்றவையே; அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் அவை ஒருவர் இருவருக்கான சிறு பாத்திரத்தை எண்ணிச் செய்தவை. இட்லிக் குண்டானுக்கு அவை எட்டா.

நம்மிடம் இருப்பதோ காலி எண்ணெய் டின். பதினைந்து கிலோ டின்னின் அடியையும் மூடியையும் நீக்கி, ஒரு மூலையில் பிரித்தால் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நீளத் தகடு கிடைக்கும். வட்டமாக வளைத்தால் குறுக்களவு 29 சென்டிமீட்டர் வரும். 24 சென்டிமீட்டர் அகலப் பாத்திரத்தைச் சுற்றி இரண்டு விரற்கடை இடைவெளி நிற்கும். பெரிய பாத்திரமானால் இரண்டு டின்களை இணைக்கலாம். கையைக் கிழிக்காதபடி ஓரங்களை மடித்துத் தட்டிவிட வேண்டும். வெளிப்பூச்சு புகைந்து தீரும்வரை முதலில் ஒருமுறை வெறும் நெருப்பில் காட்ட வேண்டும். டின்னின் மேலுள்ள வெள்ளீயம் 232 டிகிரியில் உருகுவதால் தகடு கறுத்துத் துருவேறும். அப்போது வேறு டின் எடுத்துக்கொள்ளலாம். அலுமினியத் தகடு கிடைத்தால் இன்னும் நீடிக்கும். துத்தநாகம் பூசிய புதுத் தகடு மட்டும் வேண்டாம். நெருப்பில் நன்றாகக் காய்ந்தால் அதிலிருந்து எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

மறக்கக் கூடாதவை

அரிக்கேன் விளக்கை உற்று நோக்குங்கள். அது காற்றைத் தடுக்கிறது. ஆனால் காற்றை மறுக்கவில்லை. கீழே வழி விட்டு, மேலே புகைபோக வைத்திருக்கிறது. நம் மறைப்பும் அப்படியே அமைய வேண்டும். ஒரு பங்கு புரொப்பேன் முழுமையாக எரிய 24 பங்கு காற்றும், ஒரு பங்கு பியூட்டேன் எரிய 31 பங்கு காற்றும் தேவை. ஆகவே தகட்டின் அடியில் வரிசையாகத் துளையிட வேண்டும். சுடர் நீலமாக நின்றால் நலம். மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி படிந்தால் காற்றுப் போதவில்லை என்று பொருள். அங்கே கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சும் பிறக்கலாம். உயரமும் அளவோடு இருக்கட்டும்: பாத்திரத்தின் அடியைத் தாண்டி அதன் மூன்றில் ஒரு பாகம் வரை மறைத்தால் போதும்.

எல்லாவற்றிலும் தலையாயது இது: சுடரை மறையுங்கள், சிலிண்டரை மறைக்காதீர்கள். சிலிண்டரும் டியூபும் மறைப்புக்கு வெளியே, சூடு படாத தொலைவில் இருக்க வேண்டும். குப்பியின் தலையிலேயே பர்னரைத் திருகும் சிறு முகாம் அடுப்பானால், அதை முழுவதும் சுற்றி மூடவே கூடாது. காற்று வரும் பக்கம் மட்டும் மறைத்து மறுபக்கத்தைத் திறந்துவிட வேண்டும். பம்பு ஸ்டவ்வின் எண்ணெய்த் தொட்டிக்கும் இவ்விதியே பொருந்தும். உள்ளே சூடேறினால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் ஆபத்து நிச்சயம்.

நம் கடமை

இங்கே ஒரு வேண்டுகோள். நம் இயற்பியல் துறையில் தராசு உண்டு, வெப்பமானி உண்டு, நிறுத்தற் கடிகாரம் உண்டு. மறைப்போடு ஒருமுறை, மறைப்பின்றி ஒருமுறை, திறந்த வெளியில் பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து எரிவாயுவை நிறுத்துப் பார்த்தால் என்ன? பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் அது ஒரு நல்ல செய்முறைப் பாடமாகும். பயன் உண்டென்று தெரிந்தபின், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு நாள் தகரக் கத்தரியும் சுத்தியலும் எடுத்தால் நம் ஊர்த் தள்ளுவண்டிகளுக்கு நூறு மறைப்புகள் செய்து தர முடியாதா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வெப்பக் கடத்தலையும் வெப்பச் சலனத்தையும் தேர்வுக்கு எழுதி மதிப்பெண் வாங்கும் நாம், அவற்றை ஒரு தாயின் அடுப்படிக்குக் கொண்டு சேர்த்தால் அந்தப் பழமொழி நம்மட்டிலேனும் பொய்யாகும். நம்மைப் படிக்க வைக்கும் நெருப்பு அது. அதைக் காப்பது நம் கடமையன்றோ?