ஆயாவின் முந்தானையில் எஜமானர் வீட்டுக் கடன்

பணக்காரர் வீட்டுக் குழந்தையைக் கடற்கரைக்கும் பூங்காவுக்கும் அழைத்துக்கொண்டு போகிற ஆயாமார்களின் கைச்செலவைப் பற்றி எழுதுவதற்குக்கூட ஒரு பத்திரிகையில் இடம் வேண்டுமா என்று சில கனவான்கள் கேட்கக் கூடும். கேட்கட்டும். அக்கனவான்கள் தங்கள் வீட்டு ஆயாவுக்கு இந்த மாதம் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் நம்மிடம் பேச வரட்டும். பாக்கியே இல்லை என்பார்களானால், ஆயாவைக் கூப்பிட்டு அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும்.

சென்னையில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் நான்கு வயதுக் குழந்தை ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த ஒரு அம்மாளை நாம் அறிவோம். சென்ற கோடைகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று, எஜமானியம்மாள் இவர் கையில் 300 ரூபாயைக் கொடுத்து, “குழந்தையை மெரினாவுக்குக் கூட்டிப்போ, ஆட்டோவிலே பத்திரமாய்ப் போ, அழ வைக்காதே” என்று சொல்லி அனுப்பினார். போகும்போது ஆட்டோவுக்கு 130 ரூபாய். தண்ணீர்ப் பாட்டில் 20. குழந்தை கேட்ட பலூன் 40. சுண்டல் இரண்டு பொட்டலம் 40. வெயிலிலும் கூட்டத்திலும் குழந்தை வாந்தி எடுத்துவிட்டபடியால் திரும்பவும் ஆட்டோ, 150. ஆக மொத்தம் 380 ரூபாய். மேற்கொண்டு ஆன 80 ரூபாயை அந்த அம்மாள் தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்திலிருந்து கொடுத்துக் குழந்தையை வீடு கொண்டுவந்து சேர்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததென்ன? அந்த 80 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச்சில்லை. “சுண்டல் ஏன் இரண்டு பொட்டலம்?” என்பதுதான் விசாரணை. ஒன்று குழந்தைக்கு, ஒன்று தனக்கு என்று அந்த அம்மாள் உள்ளதைச் சொன்னார். “குழந்தைக்குக் கொடுத்த பணத்தில் நீ எப்படித் தின்னலாம்?” என்றார் எஜமானியம்மாள். மறுநாள் அந்தக் கட்டடத்திலுள்ள நாலு வீடுகளுக்கும் சமாசாரம் போய்விட்டது, கைசுத்தம் இல்லாத ஆயா என்று. அந்த மாதக் கடைசியோடு வேலையும் போயிற்று. அவர் நம்மிடம் வந்து கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “அண்ணா, இருபது ரூபாய் சுண்டலுக்கு நான் திருடியா?”

வாசகர்களே, கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சுண்டல் 20 ரூபாய் ஆயாவின் சொந்தச் செலவு என்றே வைத்துக்கொண்டாலும் எஜமானர் வீடு ஆயாவுக்குக் கொடுக்க வேண்டியது 60 ரூபாய். கடன்காரர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு கடன் கொடுத்தவரைத் திருடி என்று சொன்ன அதிசயத்தை வேறு எந்தத் தொழிலிலாவது காண முடியுமா? மளிகைக் கடைக்காரரிடத்தில் பாக்கி வைத்துவிட்டு அவரையே திருடன் என்று சொல்லிப் பார்க்கட்டும், மறுநாள் அரை லிட்டர் எண்ணெய் கிடைக்கிறதா என்று பார்ப்போம்.

இதற்கு அந்த வீட்டார் சொன்ன சமாதானம் இன்னும் வேடிக்கையானது. ஆயா ஏன் ஆட்டோவில் திரும்ப வேண்டும், பஸ்ஸில் வந்திருந்தால் காசே ஆகியிருக்காதே என்கிறார்கள். உண்மைதான். 2021-ம் வருஷம் மே மாதம் முதல் இந்த மாகாணத்துச் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2022 முதல் அரசாங்க பஸ்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் டிக்கெட் இல்லை. ஆனால், அந்தச் சலுகை வந்தது யாருக்காக? பாத்திரம் தேய்த்தும், சித்தாள் வேலை செய்தும், கூலியில் பாதியைப் பஸ்ஸுக்கே கொடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நாலு காசு மீதியாகட்டும் என்று வந்தது. அதை இரண்டு கார் வைத்திருக்கிற வீட்டார் தங்கள் வரவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுகிறார்கள் என்றால் இதற்கு என்ன பெயர் வைப்பது? அன்றியும், ஆட்டோவில் பத்திரமாய்ப் போ என்று சொன்னதும் அந்த வாய்தானே! வாந்தி எடுத்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெரினாவில் அந்த எஜமானியம்மாளே பஸ்ஸுக்கு நின்றிருப்பாரா என்று கேட்கின்றோம்.

“பில் கொண்டுவா” என்பது மற்றொரு நிபந்தனை. ஆட்டோக்காரர் பில் கொடுப்பாரா? 2013-ல் அரசாங்கம் வைத்த கட்டணம், முதல் 1.8 கிலோ மீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோ மீட்டருக்கு 12 ரூபாய் என்பது. பெட்ரோல் விலை எங்கேயோ போன பிறகு அந்தக் கட்டணத்துக்கு யாரும் வருவதில்லை என்பது ஆட்டோ ஏறின எல்லோருக்கும் தெரியும். ஆனால் எஜமானர்கள் மாத்திரம் ஆயாவின் கணக்கைப் பார்க்கிற நேரத்தில் அந்தக் காகிதத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுகிறார்கள். சுண்டல் விற்கிற பையனிடத்திலும், பலூன்காரரிடத்திலும், ராட்டினக்காரரிடத்திலும் ரசீது கேட்டால் அவர்கள் சிரிப்பார்கள். ரசீது கிடைக்காத இடத்துக்கு அனுப்பிவிட்டு ரசீது கேட்கிறவர், கணக்குக் கேட்கவில்லை, குற்றம் தேடுகிறார் என்றுதான் நாம் சொல்லுவோம்.

இதே கனவான் தன் கம்பெனி வேலையாய் பம்பாய்க்கோ டில்லிக்கோ போய்வந்தால் என்ன செய்கிறார்? பயணப்படி உண்டு, தினப்படி உண்டு. அவர் குடித்த காப்பிக்கும் தின்ற இட்டிலிக்கும் கம்பெனிதான் பணம் கொடுக்கிறது. “கம்பெனி வேலைக்குக் கொடுத்த பணத்தில் நீர் எப்படி இட்டிலி தின்னலாம்?” என்று எந்த முதலாளியாவது கேட்டதுண்டா? வெளியூர் போனால் மனிதனுக்குப் பசிக்கும் என்பதை உத்தியோகஸ்தர் விஷயத்தில் ஒப்புக்கொண்ட உலகம், ஆயா விஷயத்தில் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. நான்கு மணி நேரம் மணலில் குழந்தையின் பின்னால் ஓடுகிறவருக்கு வயிறு கிடையாதோ!

இப்பொழுது புதிதாய் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. கையில் பணமே கொடுப்பதில்லை. “உன் போனில் இருந்து ஜி-பே பண்ணிவிடு, அப்புறம் தருகிறேன்” என்கிறார்கள். இந்த ‘அப்புறம்’ என்பது எந்தக் கிழமை, எந்தத் தேதி என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் எழுதவில்லை. மாதம் பதினாலாயிரமோ பதினையாயிரமோ வாங்குகிறவர், மாதம் மூன்று லட்சம் வாங்குகிற வீட்டுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறார். கடனைத் திருப்பிக் கேட்கவும் அவருக்குத்தான் கூச்சம். கேட்டால் “அற்பக் காசுக்கு அலைகிறாள்” என்கிற பட்டம். அற்பக் காசுதானே, ஐயா, அதை அன்றைக்கே கொடுத்துவிட்டால் என்ன குறைந்துபோகும்?

நாம் பார்த்த மற்றொரு சங்கதி. கோவிலுக்குக் குழந்தையை அனுப்புகிறபோது அதே வீட்டில் உண்டியலில் போடச் சொல்லி 500 ரூபாய்த் தாளை ஆயா கையில் கொடுப்பார்கள். போட்டதற்கு ரசீது உண்டா? இல்லை. போட்டாரா என்று விசாரணை உண்டா? அதுவும் இல்லை. தின்னாத, பேசாத உண்டியலுக்கு 500 ரூபாய் கணக்கில்லாமல் போகலாம், மூச்சு விடுகிற மனுஷி 20 ரூபாய்க்குச் சுண்டல் தின்றால் பஞ்சாயத்து.

இனி, “அவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி மாதிரி” என்கிற பேச்சுக்கு வருவோம். கணக்கு, படி, லீவு என்று யாராவது வாயெடுத்தால் உடனே இந்தக் குடும்பத்தைத்தான் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மெத்த சந்தோஷம். அப்படியானால் குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போகும்போது இந்த ஒருத்தி மாத்திரம் ஏன் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு குழந்தைக்கு ஊட்டுகிறாள்? உட்கார வைத்தாலும் தனி மேஜை. தனி மேஜையிலும் தனக்கென்று ஒன்றும் கேட்கக்கூடாது, குழந்தை மிச்சம் வைத்ததைத் தின்றால் போதும். கிராமத்து டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவனைக் காட்டுமிராண்டி என்று இங்கிலீஷில் பேசுகிற இந்தக் கனவான்கள், குளிர்சாதன ஓட்டலில் அதே தனி டம்ளரைத்தான் வைத்திருக்கிறார்கள். குடும்பம் என்பது சம்பளத்தைக் குறைக்க மாத்திரம் ஞாபகத்துக்கு வருகிற சொல்லாக இருக்கிறபடியால், நமக்கு அந்தச் சொல் வேண்டியதில்லை. வேலை, கூலி, செலவு என்ற மூன்று சொற்களே போதும்.

இந்த அக்கிரமம் இன்றைக்கு நேற்று ஏற்பட்டதல்ல. ஆயா என்கிற சொல்லே போர்ச்சுகீசியரிடமிருந்து வந்ததாகச் சொல்லுகிறார்கள். வெள்ளைக்காரர்கள் இந்நாட்டை ஆண்ட காலத்தில் துரைசானிமார்கள் சீமைக்குப் போகும்போது, கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இந்திய ஆயாக்களை உடன் கொண்டுபோனார்கள். கப்பலில் வேலை முடிந்ததும் ஆயா திரும்பி வருவதற்கான கப்பல் கூலி யாருடையது? அதை முன்னாலேயே பேசி ஒழுங்காய்க் கொடுத்தவர்களும் உண்டு. லண்டன் துறைமுகத்தில் இறங்கியதும் கைகழுவி விட்டவர்களும் உண்டு. 1908-ல் ஓர் ஆயாவை லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் ஒரு பவுன் பணத்தோடு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்பது அந்நாட்டு அரசாங்கக் கமிட்டியின் முன்னாலேயே வந்த விஷயம். இப்படிப்பட்டவர்கள் தங்குவதற்கென்றே லண்டனில் ஆயாக்கள் விடுதி ஒன்று இருந்தது. 1900 முதல் அது ஹாக்னி பகுதியில் கிங் எட்வர்ட்ஸ் ரோட்டில் நடந்தது. இந்தியாவுக்குத் திரும்புகிற வேறொரு குடும்பத்தைத் தேடிப் பிடித்து, அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே ஆயாவும் ஊர் வந்து சேர அவ்விடுதி ஏற்பாடு செய்துவந்தது. 2022-ல் அந்தக் கட்டடத்துக்கு நீலப் பலகை வைத்துக் கௌரவித்தார்கள். நூறு வருஷம் கழித்துப் பலகை வைத்தது நல்ல காரியமே. அன்றைக்கே கப்பல் கூலியைக் கொடுத்திருந்தால் பலகைக்கே அவசியம் வந்திராது.

நிற்க. பிற தேசங்களில் இந்தக் கைச்செலவை எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் ஆயா தன் சொந்தக் காரில் குழந்தையை அழைத்துப் போனால் மைலுக்கு இவ்வளவு என்று கொடுப்பது ஒழுங்கான வீடுகளின் வழக்கம். வரி இலாகா வருஷந்தோறும் ஒரு விகிதம் அறிவிக்கிறது, 2025-க்கு மைலுக்கு 70 சென்ட். அதையே பெரும்பாலும் கணக்காக வைத்துக்கொள்ளுகிறார்கள். இங்கிலாந்தில் ‘கிட்டி’ என்று ஒரு சிறு பணப்பை. வாரத் துவக்கத்தில் பணம் போட்டு வைத்துவிடுவார்கள். பூங்கா, பால், பஸ் எல்லாம் அதிலிருந்து. அந்நாட்டு எஜமானர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கேயும் ஆயாக்கள் பாக்கிக்கு அலைகிறார்கள். ஆனால் செலவு யாருடையது என்கிற விஷயத்தில் சந்தேகமில்லை, எழுதிக் கையெழுத்துப் போடவும் இடமிருக்கிறது.

இங்கே? சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2011-ல் வீட்டு வேலைக்காரர்களுக்கென்று 189-வது உடன்படிக்கையைச் செய்தது. வேலை நிபந்தனைகளைத் தொழிலாளிக்குத் தெரியும்படி, கூடுமானால் எழுத்து மூலமாகவே, சொல்லவேண்டும் என்கிறது அது. இந்திய அரசாங்கம் இன்னும் அதை அங்கீகரிக்கவில்லை. தமிழ்நாட்டில் 2007-ல் வீட்டு வேலைத் தொழிலாளர் நல வாரியம் ஏற்பட்டது, நல்லதே. ஆனால் குழந்தைக்கு வாங்கின பலூனுக்குக் காசு யார் கொடுப்பது என்று நல வாரியம் வந்து சொல்லப் போவதில்லை. அதை வீட்டிலேதான் தீர்த்தாக வேண்டும்.

தீர்ப்பது கஷ்டமான வித்தையும் அல்ல. சர்க்கார் ஆபீசுகளில் ‘இம்ப்ரஸ்ட்’ என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு தொகையை நிலையாய்க் கொடுத்துவைப்பது, செலவானதைக் குறித்துக்கொள்வது, குறைந்த அளவுக்குத் திரும்ப நிரப்பிவிடுவது, அவ்வளவுதான். வாரத்துக்கு ஆயிரம் ரூபாய், குழந்தையின் பையிலேயே ஒரு சின்னப் பர்சு, அதனுள் ஒரு நாலணா நோட்டுப்புத்தகம். (நாலணாவுக்கு இப்பொழுது நோட்டு வராது, பழைய பழக்கத்தில் எழுதிவிட்டோம்.) ரசீது கிடைக்கிற இடத்தில் ரசீது, கிடைக்காத இடத்தில் ஆயா சொல்லுகிறதே ரசீது. தன் குழந்தையின் உயிரை ஒருவரிடத்தில் ஒப்படைக்கத் துணிந்தவர், சுண்டல் விலையை அவர் சொல்லி நம்பக்கூடாதா? ஆயாவின் நுழைவுச்சீட்டு, வண்டிச் சத்தம், டீ, டிபன் எல்லாம் அந்தப் பர்சிலிருந்தே, அவர் கேட்காமலே. திடீரென்று டாக்டரிடம் ஓட வேண்டியிருந்தால் அதற்கென்று ஒரு 500 ரூபாய் தொடாமல் இருக்கட்டும். பணம் தவறிப்போனால், ஒரு தரம் தவறுவது எவருக்கும் உண்டு, சம்பளத்தில் கை வைக்கக்கூடாது. எஜமானர் தன் மணிபர்சைத் தவற விட்டபோது யாரும் அவர் சம்பளத்தைப் பிடிக்கவில்லை.

ஆயாமார்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. கணக்கு எழுதுவது உங்களைச் சந்தேகப்படுவதாகாது, உங்களைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான். மேலே சொன்ன அம்மாளிடத்தில் ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் 380 ரூபாய்க் கணக்கை நாலு வீட்டு நடுவில் படித்துக் காட்டியிருக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் போனிலே பேசிப் பதிந்து அன்றன்றைக்கே எஜமானியம்மாளுக்கு அனுப்பிவிடுங்கள். “உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்று யாராவது சொன்னால், அந்த வீட்டு உலையில் தினமும் உப்புப் போடுகிறது யார் என்று கேளுங்கள். வேலைக்குச் சேருகிற அன்றைக்கே, சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற அதே வாயால், “வெளியே போனால் கைச்செலவு யார் கொடுப்பது, எப்பொழுது கொடுப்பது?” என்று கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற வீட்டில் பாக்கி நிற்கும் என்பது அப்பொழுதே தெரிந்துபோகும்.

அந்த அம்மாள் இப்பொழுது வேறு இடத்தில் வேலையாய் இருக்கிறார். பழைய வீட்டின் பாக்கி 80 ரூபாய் இதை எழுதுகிற வரையில் வந்து சேரவில்லை. அந்த வீட்டார் இதைப் படிக்க நேர்ந்தால், சுண்டலைக் கழித்துக்கொண்டு 60 ரூபாயாவது அனுப்பிவைக்கலாம். ஜி-பே நம்பர் அவர்களிடத்தில் இருக்கிறது.