கைத்தொலைபேசி மட்டுமோ குற்றவாளி?

1983 ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பின்னர் கடல் கடந்து சென்ற நம்மவர் இல்லங்களிலிருந்து இன்று ஒரே முறைப்பாடு வந்தவண்ணமிருக்கின்றது. ரொறன்ரோவாயினுமென்ன, இலண்டனாயினுமென்ன, வார்த்தை ஒன்றே. "பிள்ளை எந்நேரமும் போனும் கையுமாய் இருக்குது, தமிழும் போச்சுது, மரியாதையும் போச்சுது" என்பதே அது. பெற்றாரின் இவ்வேதனையை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆயின், குற்றம் முழுவதையும் ஒரு கருவியின் தலையிற் சுமத்திவிட்டு அவர்கள் ஒதுங்கிக்கொள்வதை நம்மால் ஏற்க இயலவில்லை.

அவ்வீடுகளுக்குக் கணினியை முதன்முதற் கொணர்ந்தவர் யாவர்? இப்பெற்றாரேயன்றோ! இரவில் தொழிற்சாலையிலும் பகலில் உணவுச்சாலையிலும் உழைத்த பணத்தில், நல்லதொரு கதிரை வாங்கு முன்னரே பிள்ளையின் படிப்புக்கென்று கணினி வாங்கினர். 2020 இல் கொள்ளைநோய் பரவிப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது அக்கருவியே வகுப்பறையுமாயிற்று. படிப்புக்கு உதவுங்கால் தெய்வம், விளையாட்டுக்கு உதவுங்கால் பேய் என்றால், பிள்ளை எதனை நம்பும்?

இன்னொன்றையும் நோக்குவோம். வங்கிக் கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்வது யார்? வைத்தியரைக் காண நேரம் குறிப்பதும், அரசாங்கப் படிவத்தை நிரப்புவதும் யார்? பல வீடுகளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையே. ஆங்கிலம் சரளமாக வாராத தாய் தந்தையர்க்கு அப்பிள்ளையே எழுதுவினைஞர், மொழிபெயர்ப்பாளர், சில வேளைகளில் அப்புக்காத்தும்கூட! வேலை முடிந்ததும் "அதை வை" என்ற அதட்டல். அதட்டிய தந்தையாரோ ஊர்ப் புதினங்களைத் தம் கருவியில் நள்ளிரவு வரை பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைக்குக் கண் இல்லையா?

அரசுகள் சும்மா இருக்கவில்லை. ஒன்ராறியோ மாகாணம் 2024 செப்டெம்பர் முதல் வகுப்பறைகளிற் கைத்தொலைபேசிப் பாவனையைக் கட்டுப்படுத்தியது. அவுஸ்திரேலியாவோ 16 வயதுக்குட்பட்டோர் முக்கிய சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசெம்பர் 10 முதல் தடுத்துவிட்டது. முகந்தெரியா அந்நியரால் விளையும் தீங்கும், உறக்கங்கெட்ட இரவுகளும் கற்பனையல்ல; ஆதலின் கட்டுப்பாடு வேண்டியதே. எனினும், எந்தச் சட்டமும் பிள்ளையின் அருகிலிருந்து தமிழிற் பேசப்போவதில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பினாலும் அது முழுவதும் முடியாது. "என்ன பார்க்கிறாய், எனக்கும் சொல்லு" என்று தாய் கேட்டு, பிள்ளை தனக்குத் தெரிந்த தமிழில் அதனை விளக்க முற்படும் அந்தப் பத்து நிமிடம், பறித்துப் பெட்டியிற் பூட்டும் பத்து மணி நேரத்திலும் பயன் தரும் என்பதே நம் துணிபு.

இவ்விடயத்தில் ஊரிலிருக்கும் நமக்கும் பங்குண்டு. அதனைச் சொல்லாது விடுவது நேர்மையன்று. வட்ஸ்அப் வழியே பேரப்பிள்ளை தட்டுத்தடுமாறி நான்கு தமிழ்ச் சொற்களைக் கூட்டும்போது நாம் என்ன செய்கின்றோம்? கூடியிருந்து சிரிக்கின்றோம், அயலாரையும் அழைத்துக் கேட்கச் செய்கின்றோம். அடுத்த தடவை அழைப்பு வரும்போது அப்பிள்ளை அறையை விட்டு வெளியே வருவதில்லை. "பார், போனிலேயே கிடக்குது" என்று தாய் குறைகூறுகிறாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வருங்கால் நம் கமக்காரர் கருவியைத் தோட்டத்துக்கே கொண்டு செல்லட்டும். வெங்காயத் தறையையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் காட்டட்டும். பிள்ளை எதைக் கேட்டாலும், எந்தத் தமிழிற் கேட்டாலும், பிழை பிடியாது பதில் சொல்லட்டும்.