நாங்கள் கேட்காத கணக்கு

எங்கள் கோவிலில் பீடத்துக்குப் பின்னாலுள்ள அறையில் ஓர் அலுமாரி நிற்கிறது. அதற்குள் 'கட்டட நிதி' என்று முகப்பில் எழுதிய சீ.ஆர். கொப்பி ஒன்று கிடக்கிறது. முதற்பக்கங்கள் ஒழுங்கானவை: பெயர், தொகை, பற்றுச்சீட்டு இலக்கம், பெற்றவரின் ஒப்பம். பத்துப் பன்னிரண்டு பக்கம் தாண்டியதும் இலக்கம் எழுத வேண்டிய நிரல் வெறுமையாகிறது. பிறகு பெயர்களும் இல்லை. 'ஞாயிறு உண்டியல்', 'வெளிநாடு', 'பல்வகை' என்று மொத்தத் தொகைகள் மட்டும். அதன் பின் வெறும் தாள். அந்த வெறும் தாள்களுக்கு ஆலய அருட்பணிச் சபையில் இருந்த நாங்களும், வாங்கில் அமர்ந்திருந்த நாங்களும் சேர்ந்தே பொறுப்பு.

யாரும் களவெடுக்கவில்லை. இத்தனை வருடமும் அதைச் சொல்லித்தான் எங்களை நாங்கள் தேற்றிக்கொண்டோம். ஆனால் கொடுத்தவருக்கு நாங்கள் கடன்பட்டது களவெடுக்காமல் இருப்பது மட்டும்தானா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கோவிற் சுவருக்குக் கொடுக்கப்படும் காசின் கனம் வேறு. 1993 நவம்பரில் குருநகர் புனித யாகப்பர் ஆலயத்தின் மீது குண்டு விழுந்தது. 1995 யூலை 9 அன்று நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் அடைக்கலம் தேடியிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் விமானக் குண்டுவீச்சில் மாண்டார்கள். அதே ஆண்டு ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. திரும்பி வந்தவர்கள் தங்கள் வீட்டுக்கு முன் கோவிலை நினைத்தார்கள். ரொறன்ரோவில் இரண்டு வேலை செய்கிற பிள்ளை அனுப்பினான். கடலுக்குப் போனவர்கள் ஒரு நாள் உழைப்பைத் தந்தார்கள்.

எங்கள் ஒழுங்கையில் பனங்கிழங்கு அவித்து விற்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். நிதி சேர்க்கப் போன அன்று சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஐந்நூறு ரூபாத் தாளை அவிழ்த்துத் தந்தார். தாளில் கிழங்கின் ஈரம் இருந்தது. "பேர் எழுத வேண்டாம் தம்பி" என்றார். நாங்களும் எழுதவில்லை. பற்றுச்சீட்டும் கொடுக்கவில்லை. பேர் வேண்டாம் என்றாரே தவிர, கணக்கு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஒரு லட்சம் தந்தவரின் பெயரைக் கல்லில் வெட்ட ஓடித்திரிந்த நாங்கள், அவருடைய ஐந்நூறைப் 'பல்வகை'க்குள் போட்டோம்.

அடுத்த பிழை பெருநாட் செலவு. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் காசு போதாத வருடத்தில் கட்டட நிதியில் இருந்து எடுத்தோம். 'பிறகு வைப்பம்' என்றோம். கொஞ்சம் வைத்தோம், மிச்சத்தை மறந்தோம். ஒரு நோக்கத்துக்காக விசுவாசிகள் தந்ததை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்று 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1267 ஆம் இலக்கத்தில் சொல்கிறது. பங்குதோறும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது 537. விசுவாசிகள் கொடுத்தவற்றுக்கு அவர்களிடமே கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்கிறது 1287. இவற்றை நாங்கள் தேடிப் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, காசை உறங்க விட்டது. சுவர் எழும்பி நின்றது. கூரைக்குப் போதுமான தொகை வங்கியில் கிடந்தது. நாங்களோ கோபுரத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து ஊர்க் கோபுரத்தை விட நாலடி உயர வேண்டும் என்பதற்காகக் கூட்டத்துக்கு மேல் கூட்டம் வைத்தோம். 2021 இல் ஆயிரம் ரூபா அளவில் நின்ற 50 கிலோ சீமெந்துப் பை 2022 இல் மூவாயிரத்தை அண்மித்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 70 அளவில் நின்றது. வங்கிப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் கூரைக்குக் காணும் என்றிருந்த காசு அரைக் கூரைக்கும் காணாமற் போனது. கள்வன் எடுத்திருந்தால் ஊர் திரண்டிருக்கும். எங்கள் தாமதம் எடுத்ததற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? கணக்குக் கேட்பது சுவாமியை அவமதிப்பது என்று நினைத்தோம். கேட்க எழும்பிய ஓர் இளைஞனை "கோவிற் காசைக் கிண்டாதே" என்று இருத்தினோம். மூப்பரும் பங்குத் தந்தையும் நல்லவர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நல்லவர்களைத் தனியே விட்டுச் சுமையைக் கட்டிவிட்டது எங்கள் குற்றம்.

அரசர்கள் இரண்டாம் நூலில் யோவாசு அரசன் காலத்துக் கதை வருகிறது. ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் சேர்ந்தும் அவனது 23 ஆம் ஆட்சியாண்டு வரை வேலை நடக்கவில்லை. பிறகுதான் குரு யோயாதா ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டுப் பீடத்தருகே வைத்தார். நிரம்பியபோது அரசனின் எழுத்தரும் தலைமைக் குருவும் சேர்ந்து எண்ணினார்கள். வேலை செய்வித்தவர்கள் நேர்மையாக நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று அதே கதை முடிகிறது. அந்தக் கடைசி வரியை மட்டும் எங்களுக்கு வசதியாகப் பிடித்துக்கொண்டோம். அந்த நம்பிக்கைக்கு முன்னால் இரண்டு பேர் கூடி எண்ணியதை மறந்தோம்.

இப்போது உண்டியல் திருப்பலி முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் திறக்கப்படுகிறது. மூன்று பேர் எண்ணி ஒப்பம் வைக்கிறார்கள். மாதக் கணக்கு வாசற் பலகையில் ஒட்டப்படுகிறது. பெருநாட் செலவுக்கு எடுத்ததில் மிச்சத்தை எங்கள் கைக்காசில் கட்டி வருகிறோம். கோபுரப் பேச்சை நிறுத்திவிட்டோம்.

பற்றுச்சீட்டை எழுதி எடுத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போனோம். நடந்ததைச் சொன்னோம். அவர் சீட்டை வாங்கி, மடித்து, முந்தி காசு இருந்த அதே தலைப்பில் முடிந்துகொண்டார்.

"கூரை எப்ப தம்பி போடுவியள்?" என்று கேட்டார்.

முதன்முதலாக ஒருவர் எங்களிடம் கணக்குக் கேட்டார். நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.