தேடினால் அகப்படாத கடைகள்

2024 மார்ச் மாதம் கூகுள் ஒரு சேவையை மூடியது. கூகுள் மேப்பில் தன் கடையைப் பதிந்துவைத்தவருக்கு இலவசமாக ஒரு சிறு இணையதளமும் அமைத்துக் கொடுத்த சேவை அது. முகவரி ‘பிசினஸ்.சைட்’ என்று முடியும். 2017 ஜனவரியில் டெல்லிக்கு வந்த சுந்தர் பிச்சை, இந்தியாவில் சிறுதொழில் செய்வோரை மனத்தில் வைத்து அறிவித்த முயற்சிகளில் அதுவும் ஒன்று. ஒரு வரி நிரல்கூடத் தெரிய வேண்டாம், கைபேசியிலேயே தளம் தயாராகிவிடும் என்பது அதன் கவர்ச்சி. மூடிய பிறகு, பழைய முகவரிக்கு வந்தவர்களை 2024 ஜூன் 10 வரை கடையின் மேப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அதன் பின் அதுவும் நின்றது. விசிட்டிங் கார்டில், பில் புத்தகத்தில், கடைப் பலகையில் அந்த முகவரியை அச்சிட்டு வைத்திருந்தவர்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

நிரல் எழுதாமல் தளம் கட்டித் தரும் ‘நோ-கோட்’ கருவிகளை நம்பி இணையத்துக்கு வரும் சிறுவணிகர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதைப் பார்க்க இந்த மூடுவிழா நல்ல தொடக்கப் புள்ளி. விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், ஷாப்பிஃபை, வெப்ஃப்ளோ, வேர்ட்பிரஸின் மேல் ஓடும் எலிமென்டர் என்று கருவிகளுக்குக் குறைவில்லை. இவை செய்திருக்கும் நன்மை பெரியது. ஒரு கைத்தறிக்காரரோ பலகாரக் கடைக்காரரோ நிரலாளர் ஒருவரைத் தேடிப் பிடிக்காமலே தன் தளத்தைத் திறந்துவிடலாம். ஆனால் திறந்த சில மாதங்களில் ஒரே புகார்தான் வரும்: “கூகுள்ல தேடினா நம்ம கடை வரவே மாட்டேங்குது.” உடனே யாராவது ஒருவர் சொல்வார், “இந்த பில்டர்ல கட்டினா வராதுங்க, வேற பில்டருக்கு மாத்திடலாம்.”

இந்தத் தீர்ப்பு பழைய காலத்துக்குச் சரி. 2006-இல் தொடங்கிய விக்ஸ், முதலில் ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் பக்கங்களைக் கட்டியது. தேடுபொறிகளால் அவற்றைச் சரியாகப் படிக்க முடியவில்லை. 2012-இல் அது எச்டிஎம்எல்-5க்கு மாறிய பிறகும், அதன் முகவரிகள் தேடுபொறிகளுக்குச் சிக்கலாகவே சில காலம் இருந்தன. இன்று நிலைமை வேறு. தளவரைபடம், பாதுகாப்புச் சான்றிதழ், ஒரே பக்கம் இரண்டு முகவரிகளில் இருந்தால் எது மூலம் என்று சொல்லும் குறிப்பு ஆகியவற்றைப் பெரும்பாலான கருவிகள் தாமாகவே போட்டுவிடுகின்றன. அடிப்படைத் தொழில்நுட்பத்தில் கருவி தோற்பது இப்போது அரிது. கடைக்காரர் எடுத்திருக்க வேண்டிய முடிவுகளைக் கருவி கண்ணில் படாமல் மறைத்துவைத்து, அவர் எடுக்காமல் விட்ட இடங்களைத் தன் இயல்பு மதிப்புகளால் நிரப்பிவிடுகிறது. கடை தொலைவது அங்கேதான்.

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. அவருடைய தளத்தின் முதல் பக்கத்துக்குத் தலைப்பு என்ன? ‘ஹோம்’. கருவி வைத்த பெயர். பக்கத்தின் பெரிய எழுத்து? ‘வெல்கம்’. அதுவும் வார்ப்புருவில் இருந்து வந்தது. கீழே ‘தரமே எங்கள் தாரகமந்திரம்’. கண்டாங்கி என்ற சொல்லோ, காரைக்குடி என்ற ஊரோ, அகலக் கரை என்றோ, கட்டம் என்றோ, விலை என்றோ எங்கும் இல்லை. தேடுகிறவர் தட்டுவதெல்லாம் இந்தச் சொற்களைத்தான். கடைவீதியில் எல்லாரும் தங்கள் பலகையில் ‘கடை’ என்று மட்டும் எழுதி வைத்தால் எப்படி இருக்குமோ, தேடல் முடிவுகளில் ‘ஹோம்’ என்ற தலைப்பு அப்படித்தான் நிற்கிறது. முதல் தலைப்பு பக்கத்துக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் குற்றம் என்று சில ஆலோசகர்கள் அளந்து பார்க்கிறார்கள். கூகுள் அப்படி எண்ணிக்கை பார்ப்பதில்லை. தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

தமிழ்த் தளங்களுக்கென்றே இருக்கும் பெரிய தவறு வேறொன்று. அதைப் பற்றிப் போதிய அளவு யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். கருவிகளில் அழகான தமிழ் எழுத்துருக்கள் குறைவு. எனவே வடிவமைப்பாளர் தமிழ் வாசகத்தைப் போட்டோஷாப்பிலோ கேன்வாவிலோ அழகாக அமைத்து, படமாக ஏற்றிவிடுகிறார். கடையின் பெயர், விலைப்பட்டியல், முகவரி, வேலை நேரம் எல்லாமே படம். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் தொழில்நுட்பம் கூகுளிடம் உண்டுதான். ஆனாலும் முக்கியமான சொற்களைப் படத்துக்குள் வைக்காதீர்கள் என்பதே அது தளக்காரர்களுக்குத் தரும் அறிவுரை. அந்தப் படத்துக்கு மாற்று உரையும் எழுதியிருக்க மாட்டார்கள். கோப்பின் பெயரோ வாட்ஸ்அப்பிலிருந்து இறக்கியபோது கிடைத்த தேதியும் நேரமும்.

இன்னும் மோசமான வகை, கண்ணுக்குத் தமிழாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் எழுத்து. அச்சகங்களில் இன்றும் புழங்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்திக் காட்டுபவை. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணினியின் நினைவில் பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. நோட்டீஸ் அடித்த கோப்பிலிருந்து வாசகத்தை நகலெடுத்து, அந்த எழுத்துருவையும் தளத்தில் ஏற்றிவிட்டால் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். தேடுபொறிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளும் அந்தக் குவியலைத்தான் உச்சரிக்கும். யூனிகோடில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றுவிட்டது. தமிழ்99 விசைப்பலகை, அதன் பெயர் சொல்வதுபோல, 1999-ஆம் ஆண்டுக்குரியது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒரு கடைக்காரர் காசு கொடுத்துக் கட்டிய தளம் தமிழில் தேடுவோர் கண்ணில் படாமல் போவது வேதனையானது.

இதைச் சோதிக்க ஆலோசகர் வேண்டாம். தளத்தில் ஒரு தமிழ் வரியைத் தொட்டு நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாக வந்தால் பழைய எழுத்துரு. வரியைத் தேர்வு செய்யவே முடியவில்லை என்றால் பெரும்பாலும் அது படம்.

பக்க முகவரியில் தமிழ் எழுதலாமா என்ற குழப்பமும் உண்டு. எழுதலாம், கூகுள் அதற்குத் தண்டனை கொடுப்பதில்லை. நடைமுறைச் சிக்கல் ஒன்றுதான். இணைய முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். ‘கண்டாங்கி’ என்ற ஒரு சொல் 81 எழுத்து ஆகிவிடும். வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்குவது 200 எழுத்து, அதாவது ஏறக்குறைய 22 தமிழ்க் குறிகள். கட்டுரைத் தலைப்பை அப்படியே முகவரியாக்கினால் சொல்லின் நடுவில் வெட்டுப்படும். ஒன்றிரண்டு சொற்களில் முடித்துக்கொள்வது நல்லது. தமிழா ஆங்கிலமா என்பதைவிட, வைத்த பிறகு மாற்றாமல் இருப்பது முக்கியம்.

அடுத்து, ‘தமிழ்’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் உலாவியிலேயே ஆங்கிலப் பக்கம் தமிழாக மாறும். தமிழிலும் தளம் இருக்கிறது என்று கடைக்காரர் நிம்மதியாக இருக்கிறார். ஆனால் அந்தத் தமிழுக்கென்று தனி முகவரி கிடையாது. பொத்தானை அழுத்திப் பார்க்க தேடுபொறி வருவதில்லை. அதன் கணக்கில் தமிழ்ப் பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. இரண்டு மொழி வேண்டுமென்றால் இரண்டு பக்கம் வேண்டும், ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு என்று சொல்லும் குறிப்போடு. ஐம்பது பக்கத்துக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. அதிகம் விற்கும் ஐந்து பொருள்களுக்கு ஒருவர் உட்கார்ந்து தமிழில் எழுதினாலே போதும். கண்டாங்கியைத் தமிழ் எழுத்தில் தேடுபவரும் உண்டு, ஆங்கில எழுத்தில் தேடுபவரும் உண்டு. சிங்கப்பூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் தேடுபவர் எந்த எழுத்தில் தட்டுவார் என்று நாம் முடிவு செய்ய முடியாது.

மறந்துபோகும் சுவிட்சுகளும் சில உண்டு. தளம் கட்டும் காலத்தில் தேடுபொறிகள் உள்ளே வராதபடி ஒரு கட்டத்தில் டிக் செய்து வைப்பார்கள். திறப்பு விழா முடிந்தும் டிக் அப்படியே இருக்கும். வார்ப்புருவோடு வந்த மாதிரிப் பக்கங்கள் நீக்கப்படாமல் கடைப் பெயரோடு கூகுளில் ஏறியிருக்கும். கணினித் திரையில் காட்டி, கைபேசியில் இடம் போதவில்லை என்று எடுத்துவிட்ட பத்திகளும் உண்டு. கூகுள் இப்போது பட்டியலிடுவது கைபேசிப் பதிப்பைத்தான். 2016-இல் அறிவித்த அந்த மாற்றம் 2023-இல் முழுமையடைந்தது. வேகத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். முகப்பில் ஓடும் பின்னணி வீடியோவை எடுத்துவிட்டு, படங்களைச் சுருக்கி ஏற்றினால் பெரும்பாலான சிறுகடைத் தளங்கள் அதை நெருங்கிவிடும். சொல்ல வேண்டியதைச் சொல்லாத பக்கம் வேகமாகத் திறந்தும் பயனில்லை.

இந்தத் தவறுகளைவிட எனக்குக் கோபம் தருவது, இவற்றைத் திருத்துவதாகச் சொல்லி நடக்கும் வியாபாரம். ‘கீவேர்டு’ கட்டத்தில் நூறு சொற்களை நிரப்பித் தருவதற்கு இன்றும் பணம் வாங்குகிறார்கள். அந்தக் கட்டத்தை வரிசைப்படுத்தலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, மதுரைக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று, சேலத்துக்கு ஒன்று என ஒரே பக்கத்தை நாற்பது முறை நகலெடுக்கிறார்கள். இது கூகுளின் விதிப்படி தண்டிக்கத்தக்கது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பக்கங்களைக் குவிப்பதையும் 2024 மார்ச்சில் அந்த விதிகள் வெளிப்படையாகத் தடுத்தன. ‘முதலிடத்துக்கு உத்தரவாதம்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்றும் அது சொல்கிறது. மேப்பில் வரும் கடைப் பட்டியலோ பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றைப் பார்த்து அமைவது. தூரத்தை எந்த ஆலோசகராலும் மாற்ற முடியாது.

உரிமை விஷயம் கடைசியில் வந்தாலும், இழப்பு அதில்தான் அதிகம். தளத்தின் பெயர் பல கடைகளுக்கு வடிவமைப்பாளரின் கணக்கில் பதிவாகியிருக்கிறது. அவர் தொழிலை விட்டுப் போனால், ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்தால், பெயர் போய்விடும். சொந்தப் பெயர் வாங்காமல் கருவி தரும் இலவச முகவரியிலேயே இருப்பவர்களின் கதி 2024-இல் பார்த்ததுதான். கருவியை மாற்றும்போது இன்னொரு இழப்பு காத்திருக்கிறது. விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே எடுத்து வேறிடத்தில் வைக்க முடியாது. புதிதாகக் கட்ட வேண்டும். புதிய தளத்தில் பக்க முகவரிகள் மாறும். பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்யாவிட்டால், பல ஆண்டுகளில் சேர்ந்த இணைப்புகளும் தேடலில் கிடைத்த இடமும் கரைந்துவிடும். ‘இந்த பில்டர் வேண்டாம்’ என்று மாறியவர்களில் பலர் இருந்த இடத்தையும் இழப்பது இப்படித்தான்.

இவற்றில் எதுவும் நிரல் தெரிந்தவர்களுக்கான வேலை அல்ல. ஆகவே தொழில்முனைவோருக்கு அரசு நடத்தும் பயிற்சிகளிலும், மாவட்டத் தொழில் மையங்களிலும், கல்லூரிகளின் திறன் வகுப்புகளிலும் ‘தளம் கட்டுவது எப்படி’ என்பதோடு நிறுத்தாமல், வாடிக்கையாளர் தட்டும் சொற்களை எப்படிக் கண்டறிவது, யூனிகோடில் எப்படி எழுதுவது, பெயரை யார் கணக்கில் பதிவது என்பதையும் சொல்லித்தர வேண்டும். கருவி நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. ‘ஹோம்’ என்ற தலைப்போடு ஒரு கடைத் தளத்தை வெளியிட அனுமதிக்கும் முன், ‘உங்கள் ஊர் எது, என்ன விற்கிறீர்கள்’ என்று தமிழில் கேட்பது அவர்களுக்குப் பெரிய வேலை அல்ல. பழைய எழுத்துருவில் ஒட்டப்படும் வாசகத்தைக் கண்டுபிடித்து எச்சரிப்பதும் செய்யக்கூடியதே.

அதுவரை, தளம் கட்டக் கொடுக்கும் கடைக்காரர் கடைசித் தவணையைத் தருமுன் மூன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்: தன் சொந்த மின்னஞ்சலில் பதிவான தளப்பெயர், கூகுளின் இலவசச் சேவையான சர்ச் கன்சோலில் உரிமையாளர் என்ற அணுகல், பழைய தளம் இருந்திருந்தால், அதன் ஒவ்வொரு பக்கமும் எந்தப் புதிய பக்கத்துக்குத் திரும்புகிறது என்ற பட்டியல். மூன்று மாதம் கழித்து அந்தக் கன்சோலைத் திறந்தால், எந்தெந்தச் சொல்லைத் தட்டியவர்களுக்குத் தன் கடை காட்டப்பட்டது என்று அவரே படித்துக்கொள்ளலாம். பக்கத்தில் அடுத்து எழுத வேண்டிய வரிகள் அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.