கொசுவுக்கு ஓர் அணா

பட்டியல்கள் மீது பத்திக்காரருக்கு உள்ள பழைய பகை இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம் அவர் எரிச்சலுக்குச் சிக்கியது அமெரிக்கக் கல்வித் துறையின் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’. எந்தக் கல்லூரியில் எந்தப் பட்டம் படித்தால் எவ்வளவு கடன், எவ்வளவு வருமானம் என்று சொல்லும் அரசுக் கணக்கு அது. பெற்றோர்கள் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘மைக்ரோபயாலஜியெல்லாம் வேண்டாம், கம்ப்யூட்டர் எடு’ என்று பிள்ளையிடம் சொல்லிவிடுகிறார்கள்.

கடன் பக்கத்தில் மர்மம் ஒன்றுமில்லை. பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளங்கலை மாணவர் மத்திய அரசிடம் முதலாண்டில் 5,500 டாலர் வரை வாங்கலாம். இளங்கலைக்கு மொத்த வரம்பு 31,000. அந்த வரம்பு முழுவதையும் வாங்கி, ஆறரை சதவீத வட்டியில் பத்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 350 டாலர். தனியார் வங்கியிடம் போகும்போதுதான் ஆபத்து. வருமானத்துக்கு ஏற்பத் தவணையைக் குறைக்கும் அரசுத் திட்டங்கள் அங்கே செல்லாது.

தகராறு வருமானப் பக்கத்தில். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே கணக்குப்படி, மைக்ரோபயாலஜிஸ்டுகளின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 87,000 டாலருக்குச் சற்று மேல். மனம் குளிர்வதற்குள் இன்னொரு வரியையும் படித்துவிட வேண்டும்: உயிரியல் டெக்னீஷியனுக்கு 52,000 அளவில்தான். வெறும் இளங்கலைப் பட்டத்தோடு வருகிறவர்களில் பலர் நுழைவது இந்த இரண்டாவது வாசல் வழியாகத்தான். ஆனால் ஸ்கோர்கார்டு, அரசின் உதவித்தொகையோ கடனோ பெற்றவர்களை மட்டும், அவர்களிலும் படிப்பை முடித்து வேலைக்குப் போனவர்களை மட்டும் எண்ணுகிறது. முனைவர் பட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் போய் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் அதில் சேர்த்தி இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் வராத நாளில் வகுப்புக்குச் சராசரி போட்ட கதைதான்.

இதையே ஒழுங்காக வளர்த்து முடிப்பதாகத்தான் உத்தேசம். ஆனால் பத்திக்காரர் அலமாரியிலிருந்து, கிருமிகளைத் தேடிய விஞ்ஞானிகளின் கதை சொல்லும் பால் டி க்ரைஃபின் ‘மைக்ரோப் ஹன்டர்ஸ்’ புத்தகத்தை எடுத்துவிட்டார். (மறுபடியுமா என்று நீங்கள் முனகுவது கேட்கிறது.)

1926-இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தை எழுதியவரே எந்தப் பட்டியலிலும் அடங்காத ஆள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், நியூயார்க் ராக்கெஃபெல்லர் நிறுவனத்தில் வேலை. மருத்துவர்களைக் கிண்டலடித்து எழுதப்போய் 1922-இல் வேலை போயிற்று. அடுத்து, சின்க்ளேர் லூயிஸின் ‘ஆரோஸ்மித்’ நாவலுக்கு ஆய்வகச் சங்கதிகளைச் சொல்லிக்கொடுத்து ராயல்டியில் கால் பங்கு வாங்கினார். ஸ்கோர்கார்டு அவரை எந்தக் கட்டத்தில் போடும்?

பத்திக்காரர் அடிக்கடி திரும்பிப் போவது ரொனால்டு ராஸ் அத்தியாயத்துக்கு. அல்மோராவில் பிறந்து இந்திய மருத்துவப் பணியில் இருந்த ராஸ், 1897 கோடையில் விடுப்பில் ஊட்டிக்கு வந்தார். சீகூர் மலைப்பாதைப் பக்கம் மலேரியாவைத் தேடிப் போய்த் தானே காய்ச்சலில் படுத்தார். ஆகஸ்டில் செகந்தராபாத்தில் கொசுக்களை அறுத்து மலேரியாக் கிருமியைத் தேடினார். மேலே பங்கா இழுத்தால் அறுத்துவைத்த கொசு பறந்துவிடும் என்பதால் காற்றே இல்லாத அறையில் வேலை. வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. உசேன் கான் என்ற மலேரியா நோயாளி தன் உடம்பைக் கொசுக்களுக்குக் கொடுத்தார். கூலி, கொசு ஒன்றுக்கு ஓர் அணா. அவர் ரத்தம் குடித்த கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில்தான் ஆகஸ்ட் 20 அன்று ராஸ் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். மேலிடம் தந்த பரிசு, இடமாற்றம்: செப்டம்பரிலேயே கிளம்பச் சொல்லி, மலேரியா நோயாளிகள் கிடைப்பதே அரிதான ராஜபுதனத்துக் கெர்வாராவுக்கு அனுப்பினார்கள்.

1902-இல் நோபல் பரிசு வந்தது. ஆனாலும் ராஸ் வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மை குத்தலுக்காக எட்வர்டு ஜென்னருக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1802-இல் 10,000 பவுண்டும் 1807-இல் 20,000 பவுண்டும் கொடுத்ததே, எனக்கு என்ன என்று கேட்டார். லாயிட் ஜார்ஜ் நிதியமைச்சராக இருந்தபோது மனுவே போட்டார், கைவிரித்துவிட்டார்கள். 1928-இல், மனைவி மக்களுக்காகப் பணம் தேவை என்று சொல்லித் தன் ஆய்வுத் தாள்களை விற்பனைக்கு விளம்பரம் செய்தார். லேடி ஹூஸ்டன் என்ற பணக்காரப் பெண்மணி 2,000 பவுண்டுக்கு வாங்கி பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுக்க முன்வந்தார். மியூசியம் வேண்டாம் என்றுவிட்டது.

நோபல் வாங்கியவருக்கே அந்தக் கதி என்றால், பட்டம் வாங்கிய நான்காவது வருடச் சம்பளத்தை வைத்து ஒரு துறையை எடைபோடுவது பத்திக்காரருக்கு அபத்தமாகத்தான் படுகிறது. இந்தத் துறை அன்றும் குறைவாகத்தான் கொடுத்தது. அதிலும் குறைவாக வாங்கியவர் உசேன் கான்.

ராஸுக்கு க்ரைஃப் எழுதிய அத்தியாயம் பிடிக்கவில்லை. வழக்குப் போடுவேன் என்று மிரட்டியதில் பிரிட்டிஷ் பதிப்பிலிருந்து அதையே எடுத்துவிட்டார்கள். பழைய புத்தகக் கடையில் பிரதி கிடைத்தால், ராஸ் உள்ளே இருக்கிறாரா என்று புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.