தட்டில் மிச்சம் வைத்தால் தாய்க்கா திட்டு?

எனக்கு வயது 36. பத்தாம் வகுப்பு வரை படித்த இல்லத்தரசி. மூத்தவன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். சின்னவளுக்கு இப்போது 14 மாதம். குழந்தைக்கு ஒரு வயது முடிந்த கையோடு நம் வீடுகளில் ஒரு வழக்கு ஆரம்பமாகுமே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "குழந்தை சாப்பிடவே மாட்டேங்குது" என்கிற வழக்கு. விசாரணையே கிடையாது. குற்றவாளி அம்மாதான்!

சின்னவளுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். அவள் அழுது ஓய்வதற்குள் ஆளாளுக்குத் தூக்கிப் பார்த்து எடை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "என்னடி, பஞ்சு கணக்கா இருக்கா? நேரா நேரத்துக்குக் குடுக்கிறியா, இல்லியா?" என்றார் ஒரு பெரியம்மா. "மூத்தவன் இந்த வயசுல குண்டுகுண்டுன்னு இருந்தானே" என்றார் இன்னொருவர். பேரன் ஒரே வேளையில் இரண்டு இட்லி சாப்பிடும் கதையை ஒரு சித்தி சொல்லி முடித்தபோது எனக்குப் பந்தியில் சோறே இறங்கவில்லை.

அடுத்த வாரம் பால்வாடிக்குச் சத்துமாவு வாங்கப் போனேன். புதன்கிழமை என்பதால் தடுப்பூசி போடும் நர்ஸம்மாவும் இருந்தார். எடை போட்டுப் பார்த்தால் 9 கிலோ. அட்டையில் பச்சைப் பட்டையில்தான் புள்ளி விழுந்தது. "நல்லாத்தானே இருக்கா, எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்று கேட்டவர், பொறுமையாக விளக்கினார்.

பிறந்த குழந்தை ஒரு வயதுக்குள் சுமார் மூன்று மடங்கு எடை ஆகிவிடுகிறது. அதாவது ஐந்து, ஆறு கிலோ ஏறுகிறது. இரண்டாவது வருடத்தில் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்த்தி வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. போதாததற்கு அப்போதுதான் நடக்கப் பழகி, பாத்திரத்தை உருட்ட, செருப்பை வாயில் வைக்க என்று அதற்கு ஆயிரம் வேலை! ஒரு நாள் நன்றாகச் சாப்பிடும், மறுநாள் இரண்டு வாயோடு எழுந்து ஓடும். ஒரு வாரக் கணக்கு பார்த்தால் சரியாகவே இருக்கும் என்றார். இதை யாராவது ஒரு வயது நிறைவிலேயே சொல்லியிருந்தால் எத்தனை அம்மாக்கள் அழாமல் இருந்திருப்பார்கள்!

வழக்குக்குப் பயந்து நாம் செய்கிற காரியங்கள்தான் எனக்குப் பிடிக்காதவை. சில வீடுகளில் குழந்தையைக் காலில் போட்டு, மூக்கைப் பிடித்து ஊற்றுகிறார்கள். புரையேறினால் என்ன ஆவது? அடுத்தது செல்போன். பாட்டைப் போட்டு முன்னால் சாய்த்து வைத்துவிட்டால் குழந்தை வாயைத் திறந்துகொண்டே இருக்கும். வயிறு நிறைந்தது அதற்கே தெரியாது. ஒரு வயதுக் குழந்தைக்கு டிவி, செல்போன் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லியிருக்கிறது. "நாங்க நிலாவைக் காட்டி ஊட்டலையா?" என்று என் மாமியார் கேட்பார். அத்தை கேட்பது நியாயம்தான். ஆனால் நிலா பாட்டுப் பாடாது. ஊட்டுகிறவர்தான் முகம் பார்த்துப் பேசுவார், பாடுவார். குழந்தை தலையைத் திருப்பினால் போதும் என்று அவருக்கும் புரியும்.

மூன்றாவது, பால். சோறு சாப்பிடாத குறைக்கு ஒரு டம்ளர், தூங்கும்போது ஒரு டம்ளர் என்று அரை லிட்டருக்கு மேல் மாட்டுப்பால் உள்ளே போனால் சாதத்துக்கு வயிற்றில் ஏது இடம்? பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. பால் மட்டுமே குடித்து வளரும் குழந்தை பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தாலும் ரத்தசோகை வந்துவிடுமாம். தாய்ப்பால் வேறு விஷயம், அதை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். "இன்னுமா குடுக்கிறே?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதே இல்லை.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. எங்க வீட்டுக்காரர் எட்டு மணிக்கு வரும்போது கையில் கிரீம் பிஸ்கட் பாக்கெட் இருக்கும். மகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வாள், அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். எட்டரைக்கு நான் பருப்புச் சாதத்தோடு உட்கார்ந்தால் யார் வாயைத் திறப்பது? இப்போது அவரையே ஊட்டச் சொல்லிவிட்டேன். நான்கே நாளில் பிஸ்கட் நின்றுவிட்டது!

அத்தையிடம் நான் வாதாடவில்லை. அடுத்த புதன்கிழமை பால்வாடிக்குக் கூடவே அழைத்துப்போனேன். மருமகள் சொன்னால் ஏறாதது நர்ஸம்மா சொன்னால் ஏறியது. இப்போது பாப்பாவுக்குத் தனிக் கிண்ணம். எங்களுக்குச் செய்வதிலேயே காரம் போடுவதற்கு முன் எடுத்து, குழையப் பிசைந்து நெய் விட்டு, கூட ஒரு காயோ முட்டையோ வைக்கிறேன். மிக்ஸியில் அரைப்பதில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் வாழைப்பழம் அல்லது சத்துமாவு உருண்டை. எங்களோடு உட்கார்ந்து அவளே அள்ளிச் சாப்பிடுகிறாள். பாதி தரையில்தான். துடைக்கும் வேலை எனக்கு. இருபது நிமிடத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுவேன். மிச்சத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

இதற்காகச் சாப்பிடாத குழந்தையை அப்படியே விடலாம் என்று நான் சொல்லவில்லை. எடைப் புள்ளி மேலே ஏறாமல் நின்றாலோ, கீழே இறங்கினாலோ, விளையாடாமல் சோர்ந்து கிடந்தாலோ, உள்ளங்கை வெளுத்திருந்தாலோ டாக்டரிடம்தான் போக வேண்டும். மருந்துக் கடையில் பசி டானிக் கேட்டு வாங்குவது வேண்டவே வேண்டாம். ஒரு வயது முடிந்தால் அரசு முகாமில் குடற்புழு மருந்தும் தருகிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

சின்னவளுக்கு 16 மாத ஊசி போட இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அன்றைக்கும் எடை பார்ப்பார்கள். தானும் வருவதாக அத்தை இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.