நட்சத்திரப் புள்ளிகள் உரிமம் ஆகா

இங்கிலாந்தில் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் அவர்களுடைய வண்டிகளுக்கும் உள்ளாட்சி மன்றங்கள் உரிமம் வழங்கிக் கண்காணிப்பது, கைபேசிச் செயலிகள் பரவிய பின்னர் பொருளற்றுப்போன பழைய ஏற்பாடு என்னும் நம்பிக்கை பரவலாக வேரூன்றியிருக்கிறது. பயணம் முடிந்ததும் பயணி இடும் நட்சத்திரப் புள்ளிகளே தீய ஓட்டுநரை விலக்கி நல்லவரை நிலைநிறுத்தும் என்றும், மன்றத்தின் சோதனைகளும் கட்டணங்களும் உழைப்பவர்மீது ஏற்றப்பட்ட வீண்சுமை என்றும் அந்த நம்பிக்கை கொண்டவர்கள் வாதிடுகின்றனர். புள்ளி எதை அளக்க வல்லது, உரிமம் எதை அளக்கிறது என்னும் வேறுபாட்டை அறியாமையே இவ்வாதத்தின் அடிப்படை. அதன் விளைவைச் சுமப்பவர்களோ பெரும்பாலும் புள்ளியிடும் வாய்ப்பே பெறாதவர்கள்.

லண்டனுக்கு வெளியே, தெருவில் கைகாட்டி நிறுத்தவும் நிலையத்தில் நின்று பயணியை ஏற்றவும் உரிமையுள்ள டாக்சிகளை 1847ஆம் ஆண்டின் நகரக் காவல் விதிகள் சட்டமும், முன்பதிவு செய்தவரை மட்டுமே ஏற்றக்கூடிய தனியார் வாடகைக் கார்களை 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டமும் ஆள்கின்றன. பிந்தைய சட்டம் ஓட்டுநர், வண்டி, முன்பதிவை ஏற்கும் நிறுவனம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி உரிமம் கோருவதுடன், அம்மூன்றையும் ஒரே மன்றம் வழங்கியிருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. ஓட்டுநர் ‘தகுதியும் நன்னடத்தையும் உடையவர்’ என்று மன்றம் மனநிறைவு கொண்டாலன்றி உரிமம் வழங்கலாகாது. ஐயத்தின் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சேரும் குற்றவியல் நீதிமன்ற மரபு இங்கே விண்ணப்பதாரருக்குப் பொருந்தாது.

பயணி பார்ப்பது ஓட்டுநரின் பேச்சு, இருக்கையின் தூய்மை, வந்து சேர்ந்த நேரம் ஆகியவற்றைத்தான். தேய்ந்த பிரேக் பேடையோ, சட்டம் கோரும் 1.6 மில்லிமீட்டர் ஆழத்திற்குக் கீழே தேய்ந்துவிட்ட டயரின் வரிப்பள்ளங்களையோ, காலாவதியான காப்பீட்டையோ பின்னிருக்கையிலிருந்து எவராலும் காண இயலாது. பகலிரவாக ஓடும் வாடகைக் கார், குடும்பக் காரைவிடப் பன்மடங்கு தொலைவு ஓடித் தேய்கிறது. அதனாலேயே 1976ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டிற்கு மூன்று முறை வரை வண்டியைச் சோதனைக்குக் கொணரச் செய்யும் அதிகாரத்தை மன்றத்திற்கு அளித்தது. மன்றத்தின் அலுவலர் நியாயமான எந்நேரத்திலும் வண்டியைச் சோதித்து, குறையிருப்பின் அதன் உரிமத்தை அங்கேயே நிறுத்திவைக்கலாம். இரண்டு மாதங்களுக்குள் குறை தீர்ந்ததென்று மெய்ப்பிக்கப்படாவிடில் அவ்வுரிமம் தானே நீங்கிவிடும். விபத்து நேருமுன் தலையிடும் இந்த ஆற்றலுக்கு ஈடான எதுவும் புள்ளிமுறையில் இல்லை, ஏனெனில் புள்ளி என்பது எப்போதும் பயணம் முடிந்தபின் வருவது.

புள்ளி உண்மையில் யாரைச் சேர்கிறது என்பதும் ஐயத்துக்குரியதே. 2019 நவம்பரில் ஊபர் நிறுவனத்தின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த லண்டன் போக்குவரத்து ஆணையம், அங்கீகாரமற்ற ஓட்டுநர்கள் பிறருடைய கணக்குகளில் தம் புகைப்படங்களை ஏற்றி, குறைந்தது 14,000 பயணங்களை மேற்கொண்டதாக அறிவித்தது. நிறுவனம் குறைகளைச் சீர்செய்ததை ஏற்று 2020 செப்டம்பரில் நீதிமன்றம் 18 மாத உரிமம் வழங்கியது உண்மை. ஆனால் அக்குறைகளை வெளிப்படுத்திச் சீர்திருத்தத்திற்குத் தள்ளியது பயணிகளின் மதிப்பீடு அன்று, உரிமத்தை மறுக்கும் அதிகாரம் பெற்ற பொது அமைப்பு.

மன்றங்களே தவறியிருக்கின்றனவே என்னும் மறுப்பு கனமானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1997 முதல் 2013 வரை ராதரம் நகரில் ஏறத்தாழ 1,400 சிறார்கள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாயினர் என்று மதிப்பிட்ட அலெக்சிஸ் ஜேயின் 2014ஆம் ஆண்டு அறிக்கை, அக்கொடுமையில் டாக்சி ஓட்டுநர்கள் வகித்த பெரும்பங்கையும் பதிவுசெய்தது. மறு ஆண்டு லூயிஸ் கேசியின் ஆய்வு அந்த மன்றத்தைக் கடமைக்குத் தகுதியற்றதென்று கண்டபின், அரசு ஆணையர்களை அனுப்பி அதன் நிர்வாகத்தை ஏற்றது. ஆயினும் அங்கே அதிகாரம் ஏட்டில் இருந்தது, அதைப் பயன்படுத்தும் துணிவுதான் இல்லை. கையாளப்படாத அதிகாரத்தின் தோல்வியை அதிகாரமே தேவையில்லை என்பதற்குச் சான்றாக்குவது நேர்மையான வாதமாகாது. காப்பகங்களிலிருந்தும் பள்ளி வாயில்களிலிருந்தும் ஏற்றிச் செல்லப்பட்ட அச்சிறுமியருக்குக் கைபேசிக் கணக்கும் இல்லை, புள்ளியிடும் உரிமையும் இல்லை.

கட்டணம் பற்றிய குற்றச்சாட்டை நெடிது மறுக்க வேண்டியதில்லை: உரிமம் வழங்கிக் கண்காணிக்கும் செலவை ஈடுகட்டுமளவே மன்றம் வசூலிக்கலாம், ஆதாயம் பார்க்கச் சட்டம் இடந்தரவில்லை.

இன்றைய உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. மூன்று உரிமங்களும் ஒரே மன்றத்தினுடையவையாக இருந்தால், முன்பதிவுப் பயணத்தை நாட்டின் எப்பகுதியிலும் ஓட்டலாம். ஒரு பகுதியின் நிறுவனம் தான் ஏற்ற முன்பதிவை வேறொரு பகுதியின் நிறுவனத்திற்கு மாற்றித்தரவும் 2015ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டுத் தளர்வுச் சட்டம் வழிதிறந்தது. இதன் விளைவாக, விரைவாகவும் மலிவாகவும் உரிமம் கிடைக்கும் உல்வர்ஹாம்ப்டன் போன்ற மன்றங்களை ஓட்டுநர்கள் நாடிச்செல்ல, மான்செஸ்டர் தெருக்களில் ஓடும் வண்டிகளில் பலவற்றின்மீது மான்செஸ்டர் மன்றத்திற்கு உரிம அதிகாரமே இல்லாமற் போயிற்று. எல்லைதாண்டிய வண்டியையும் நிறுத்தும் அதிகாரமும் நாடு முழுவதற்குமான பொதுத்தரமும் வேண்டுமென்று சட்ட ஆணையம் 2014 மே மாதமே பரிந்துரைத்திருந்தது. 2025 ஜூனில் சிறார் பாலியல் சுரண்டல் குறித்த கேசியின் தேசியத் தணிக்கையும் வெளிப்பகுதி டாக்சிகளுக்கு முற்றுப்புள்ளி வைக்கக் கோரியது. இடையில் வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டம், பிற பகுதி ஓட்டுநரின் தவற்றைக் கண்ட மன்றம் உரிமம் வழங்கிய மன்றத்திற்குத் தெரிவிக்கவும், அது 20 வேலைநாட்களுக்குள் முடிவெடுக்கவும் மட்டுமே வகைசெய்தது. நேரில் தவற்றைக் கண்ட அலுவலருக்கே உரிமத்தை அவ்விடத்தில் நிறுத்திவைக்கும் அதிகாரம் வழங்கப்படும்வரை, அந்த 20 நாட்களிலும் அவ்வோட்டுநர் பயணிகளை ஏற்றிக்கொண்டே இருக்கலாம்.